ஓர் இலையின் நிறம் தேடி காகசஸ் மலைக்கு

திருப்பூரில் இலையுதிர்காலம் பங்குனியில் பிறந்து வைகாசியில் முடிந்துவிடும். வெளியே தார் உருகுகிற வெயில் அடிக்கும். உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தை அக்டோபரில் போடப்போகும் கனத்த குளிர்ச்சட்டையைத் தைத்துக்கொண்டிருப்போம். ரஸ்ட், மஸ்டர்டு, மேப்பிள், பர்ன்ட் ஆரஞ்சு என்று கலருக்குக் கலர் பெயர் சொல்லுவோம். இதெல்லாம் எந்த மரத்து இலை, அது மரத்தில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் இருபத்தெட்டு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் சாயப்பட்டறைக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஐம்பத்திரண்டாவது வயதில், போன அக்டோபரில், ஜார்ஜியா நாட்டின் காகசஸ் மலைக்கு ஒரு போட்டோகிராஃபி குழுவோடு போனேன். எனக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது. ஒரு இலையின் நிறத்தைப் பார்க்கத்தான் போனேன்.

அந்த இலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பையர் கூரியரில் ஒரு கவர் அனுப்பினார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு இலை. இந்த நிறத்தில் துணி வேண்டும் என்று ஒரு சீட்டு. எங்களுக்கு இப்படி எதுவும் வரும், ரிப்பன் வரும், பொம்மையின் காது வரும். ஆனால் கூரியர் வந்து சேர்வதற்குள் இலை காய்ந்து, காப்பித்தூள் நிறத்தில் கிடந்தது. சாயப்பட்டறை லேபில் இருந்தவர் துரைசாமி. அதைப் பார்த்துச் சின்னச் சின்னத் துணித்துண்டுகளில் மூன்று பழுப்பு நிறம் போட்டுக் கொடுத்தார். கூடவே நான் கேட்காத நாலாவது துண்டு ஒன்றையும் நீட்டினார். அது நல்ல ஆரஞ்சு.

"நடு நரம்புக்கிட்ட லென்ஸ் வெச்சுப் பாத்தனுங்க மேடம். சிணுக்கூண்டு, ஒரு துளி கலரு மிச்சமிருக்குது. மரத்துல இருந்தப்ப இப்படித்தான் இருந்திருக்குமுங்க" என்றார்.

"வந்தது எதுவோ அதுக்கு மேட்ச் பண்ணுங்க. உங்க கற்பனைய யாரு கேட்டா?" என்று சொல்லி, நாலாவதை என் மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டேன். மூன்று பழுப்பும் பையருக்குப் போயின. இது அந்த நிறமே இல்லை என்று மூன்றும் திரும்பி வந்தன, ஆர்டரும் போனது. முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது, "லேப்ல மூணுதானுங்க சார் குடுத்தாங்க" என்று ஒரே வரியில் பொய் சொன்னேன். துரைசாமி என் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. அவரை லேபிலிருந்து எடுத்து பாய்லர் பக்கம் போட்டார்கள். நாலு வருடம் அங்கே வெந்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நாள் பாய்லர் பக்கம் போனேன். வாய் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். இரண்டரை வருடம் கழித்து அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். தண்ணீர் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், மன்னிப்பை மட்டும் கேட்டதேயில்லை.

இப்போது அவருக்குச் சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. வலது கண்ணில் நிறம் வெளுத்துப்போனது. இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. வேலையை விட்டபோது கொண்டுவந்து பீரோவில் வைத்திருந்த அந்த ஆர்டரின் பழைய ஃபைலை எடுத்தேன். காய்ந்த இலையும் நாலு துண்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு துண்டும் ஒட்டியிருக்கும் அட்டையில் கமெண்ட் எழுத ஒரு கட்டம் உண்டு. முதல் மூன்றிலும் பையர் சொன்னதை அன்றைக்கு நானே எழுதி வைத்திருந்தேன். நாலாவது கட்டம் காலியாக இருந்தது. அவர் கண்ணில் நிறம் இருக்கும்போதே அந்த இலையின் உண்மையான நிறத்தைப் பார்த்துவந்து சொல்லிவிட வேண்டும் என்று, இலையுதிர்காலம் பார்க்கப் போகும் இந்தக் குழுவில் சேர்ந்து கிளம்பினேன். அவரையும் கூப்பிட்டேன்.

"நான் வந்தா என்னையக் கையப் புடிச்சு நடத்தறதுக்கே உங்களுக்கு நேரம் சரியாப் போயிருமுங்க. போய்ட்டு வந்து சொல்லுங்க. உங்க கண்ணு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு 'ங்க' போடுவதை அவர் விடவில்லை. கிண்டல் செய்யும்போது 'மேடம்' என்பார். பொங்கலூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள்.

குழுவில் ஆறு பேர். தலைவர் கோயம்புத்தூர் ரகு சார், பறவைகளை ஒளிந்திருந்து படமெடுத்தே முதுகு வளைந்தவர். என் அறைத்தோழி டாக்டர் சிவகாமி, ஈரோட்டில் பல் டாக்டர்; யார் சிரித்தாலும் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். என்னைத் தவிர ஐந்து பேரிடமும் பீரங்கி மாதிரி லென்ஸ்கள் இருந்தன. என்னிடம் இருந்தது துரைசாமி முன்பு துணிகளைப் படமெடுக்க வாங்கிய சின்ன கேமரா.

ஸ்வானேதி என்ற மலைப்பகுதிக்குள் எங்களைக் கொண்டுபோனவர் டிரைவர் ஸாஸா. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சிகரெட்டில், மூன்றாவது கை இருந்தால் அது போனில். வளைவுகளில் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் எந்தக் கை இருக்கும் என்று டாக்டர் சிவகாமி கேட்டார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். சாலை நடுவில் மாடுகள் படுத்திருந்தன. ஸாஸா ஹாரன் அடிக்கவில்லை, சுற்றிப்போனார். அந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் மாதிரியே இருந்தது.

பள்ளத்தில் ஒரு ஆறு கூடவே வந்தது. பால் கலந்த சாம்பல் நிறம். பனிப்பாறை அரைத்த மாவு அது என்று ரகு சார் விளக்கினார். எங்கள் ஊர் ஆற்றில் எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் அந்த வருடத்து ஃபேஷன் என்று ஒரு காலத்தில் நாங்கள் கேலி பேசியதுண்டு. அதை வண்டியில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கேமராப் பையை அதில் வைத்துக்கொண்டேன். மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பற்றிக்கொண்டு நின்றது. "இங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்புவேன், பை இருக்கும். முதல் நாளில் மட்டும் அப்படி நாலைந்து தடவை ஆகிவிட்டது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. புரட்டாசி என்பதால் எனக்குக் கவுச்சி ஆகாது. ஸாஸாவிடம் அதைப் புரியவைக்க ரகு சார் ஆடு, கோழி, மாடு எல்லாம் மாதிரி கத்திக் காட்டிக் கையை ஆட்டினார். ஸாஸா பயந்துபோய் அன்றிலிருந்து எனக்கு எல்லா வேளையும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியே வாங்கிக் கொடுத்தார். மண்சட்டியில் சிவப்பு மொச்சை மாதிரி ஒரு பயறு வேகவைத்துத் தந்தார்கள். எங்கள் வீட்டுக் கொள்ளுப்பருப்புக்குத் தூரத்துச் சொந்தம். அந்த மலைக்காரர்கள் உப்போடு பூண்டு, வெந்தயம், மிளகாய் எல்லாம் இடித்து ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். நான் கொண்டுபோன பருப்புப்பொடி டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் சங்கடம் ஆரம்பித்தது.

"பொழுது கெளம்பறப்ப ஒரு அரை மணி, பொழுது எறங்கறப்ப ஒரு அரை மணி. அதுதானுங்க நம்ம ஷிப்டு" என்றார் ரகு சார். "நடுவால வர்ற வெளிச்சமெல்லாம் வேஸ்டுங்க. அப்ப வண்டியில ஏறித் தூங்கிக்கலாம்."

அவர் வேஸ்ட் என்று சொன்ன வெளிச்சத்தில்தான் நான் இருபத்தெட்டு வருடம் சோறு தின்றிருக்கிறேன். காலை வெயிலும் மாலை வெயிலும் எதன் மேல் விழுந்தாலும் மஞ்சளைப் பூசிவிடும். பழுப்புகூட அப்போது தங்கமாகத் தெரியும். எங்கள் தொழிலில் பத்து மணிக்கு முன்னாலும் மூன்று மணிக்குப் பின்னாலும் யாரும் நிறம் பார்க்க மாட்டோம். வடக்குப் பக்க ஜன்னலுக்கு வந்து, நேர் வெயில் படாமல், துணியை மடக்கிப் பிடித்துப் பார்ப்போம்.

இதை ரகு சாரிடம் சொல்லி, ஒரே ஒரு நாள் பத்து மணிக்கு ஏதாவது ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"பத்து மணி வெயில்ல போட்டோ எடுத்துட்டுப் போனீங்கன்னா, யாருகிட்டக் கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்களுங்க. என்ற பேரு கெட்டுப்போயிருமுங்க" என்றார்.

அன்று மாலை ஒரே மரத்தை ஆறு பேரும் எடுத்தோம். அறைக்கு வந்து ஆறு கேமராவின் திரைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறிலும் ஆறு ஆரஞ்சு. எது நிஜம் என்று கேட்டேன். நாம் எப்படி செட்டிங் வைக்கிறோமோ அதுதான் நிஜம் என்றார் ரகு சார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, போட்டோவை நம்பி ஊருக்குப் போக முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. என் ஃபைலில் இருக்கும் இலை எந்த மரத்து இலை என்றே தெரியவில்லை. கடைக்காரரிடம் காட்டினேன், சர்ச் வாசலில் பூ விற்ற அம்மாவிடம் காட்டினேன், குதிரை வாடகைக்கு விடுகிறவரிடம் காட்டினேன். போனில் படமெடுத்துக் கேட்டால் அது ஒவ்வொரு தடவையும் வேறு மரத்தின் பேரைச் சொன்னது. குதிரைக்காரர் இலையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "உனக்கு இங்கே காட்டில் கோடி இலை இருக்கிறதே, இதை ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தாய்?" என்று கேட்டார். ஸாஸா தன் அரைகுறை இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கே என் காரியம் கிறுக்குத்தனமாகத் தோன்றியது.

துரைசாமி போனில், "சோத்துக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "கலரு பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது.

நாலாம் நாள் மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நானா என்ற பெண்மணியின் வீட்டில் தங்கினோம். என் வயதுதான் இருக்கும். கன்னம் இரண்டும் குளிரில் சிவந்து, கையில் எப்போதும் மாவு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல் கோபுரம். அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு கோபுரம். பழைய காலத்துப் பங்காளிச் சண்டைக்குக் கட்டியதாம். பங்காளிச் சண்டைக்கு இவ்வளவு செலவு செய்தவர்களை நான் எங்கள் பக்கம்கூடப் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் விடியலுக்கு ஒரு மேட்டுக்குப் போய்ப் பனிமலையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது, நானா வீட்டுக்கு இருநூறு அடி முன்னால் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. ஸாஸா முன்னே எடுத்தார், பின்னே எடுத்தார், சிலுவைக் குறி போட்டார். சக்கரம் சுற்றிய சேறெல்லாம் தள்ளிக்கொண்டிருந்த டாக்டர் சிவகாமியின் மேல் போனது. ஒன்பது மணிக்கு அடுத்த பள்ளத்தாக்குக்குக் கிளம்ப வேண்டியவர்கள் நாங்கள். வண்டியை மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும், மாடுகள் நானாவின் கணவரோடு புல் ஏற்றப் போயிருக்கின்றன, வர பத்தரை ஆகும் என்றார்கள். ரகு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சேற்றைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ரொட்டி, பாலாடைக்கட்டி சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்கு, ஒரு ஜாடியில் கருஞ்சிவப்பாக ஜாம். சும்மா இருந்த நேரத்தில் பழக்கதோஷமாக ஃபைலைத் திறந்தேன். ரொட்டி வைக்க வந்த நானா இலையை எட்டிப் பார்த்தார். விளிம்பில் இருந்த ரம்பப் பல்லை விரலால் தொட்டுக்கொண்டே வந்து காம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே கடுகு அளவில் இரண்டு புடைப்புகள் உண்டு. இத்தனை வருடமாக அதை நான் பூச்சி அரித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானா சிரித்துவிட்டார். ஜாம் ஜாடியைக் காட்டினார். பிறகு இலையைக் காட்டினார். மறுபடி ஜாடியைக் காட்டினார். நான் விழிப்பதைப் பார்த்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டு வாசலுக்குப் போனார்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு செர்ரி மரம் நின்றது. ஜாம் அதன் பழத்தில் செய்தது; அதன் இலைக் காம்பிலும் அதே இரண்டு புடைப்புகள் இருந்தன. உயரம் ஒன்றும் பெரிதில்லை. அதன் மேல் துணி காயப்போட ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், கயிற்றில் ஸாஸாவின் ஈர சாக்ஸ் தொங்கியது. முந்தின நாள் மாலை நாங்கள் ஆறு பேரும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி ஒன்பதே கால். பத்து ஆகும்வரை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்த மாட்டுச் சாண வாசமும் குளிரும், கயிற்றில் தொங்கும் சாக்ஸும், இந்த மரமும் என் கண்ணுக்கு மட்டும் கிடைத்திருக்கிறதே என்றுதான் அழுதேன்.

பத்து மணிக்கு, வெயில் நன்றாகப் படும் வெளிக்கிளை ஒன்றிலிருந்து ஒரு இலையைப் பறித்தேன். நிழலுக்கு வந்து, வடக்குப் பக்கம் திரும்பி நின்று ஃபைலை விரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்ற பழுப்புத் துண்டுகள் அந்த இலைக்குப் பக்கத்தில் சேறாகத் தெரிந்தன. நாலாவதை வைத்தேன். அண்ணன் தம்பி என்று சொல்லலாம், அவ்வளவு கிட்டே இருந்தது. ஆனால் மேட்ச் இல்லை. இலையில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.

போன் போட்டேன். ஊரில் பதினொன்றரை இருக்கும்.

"ஏனுங்க, மரம் கெடச்சிருச்சுங்க. செர்ரி மரமுங்க."

"செர்ரியா? கேக்கு மேல ஒண்ணு வெப்பாங்களே, அதுங்களா?"

"அதேதானுங்க." பிறகு மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, நாலாம் நெம்பர நான் பையருக்கு அனுப்பவே இல்லீங்க. டிராயர்ல போட்டு வெச்சிருந்தனுங்க. முதலாளிகிட்ட மூணுதான் குடுத்தாங்கன்னு பொய் சொன்னனுங்க. என்னாலதான் நீங்க பாய்லர்ல கெடந்தீங்க. மன்னிச்சுருங்க."

"தெரியுமுங்க. நானும் அங்கதான நின்னுட்டு இருந்தேன்."

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த கேக்கலீங்களே?"

"நீங்கதான் தெனமும் தண்ணி கேட்டு வந்தீங்களே. அப்பறம் என்னத்தக் கேக்கறது?" என்றார். "அது கெடக்கட்டும் மேடம். நாலாம் நெம்பருக்கு கமெண்ட் சொல்லுங்க."

ஆச்சு, மேட்ச் ஆகிவிட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு வேறு வழியில் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் போட்ட நிறத்தைப் பற்றிப் பொய் சொன்ன ஒரு நாள் போதும் எனக்கு.

"கிட்டக்க வந்துருச்சுங்க. ரெட் கொஞ்சம் கம்மிங்க."

மகள் மிக்ஸி போடுவது கேட்டது. பிறகு அவர் கேட்டார்.

"எந்த இலைய வெச்சுப் பாத்தீங்க?"

"ஒரு இலையப் பறிச்சனுங்க. அத ஸ்டாண்டர்டா வெச்சுத்தான்."

"மரம் பூரா ஒரே கலருங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒரே கலர் எங்கே இருந்தது! உச்சியில் ரத்தச்சிவப்பு, வெளிக்கிளைகளில் சிவப்பாரஞ்சு, உள்ளே வெயில் படாத இடத்தில் மஞ்சளும் ஆரஞ்சும். காற்று அடித்தபோது எல்லாம் கலந்து ஆடின. இருபத்தெட்டு வருடம் ஒரே ஒரு மாதிரியை ஸ்டாண்டர்டாக வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகத் துண்டுகளைத் தள்ளிவிட்ட பழக்கம் எனக்கு. மரத்தடியில் நின்றும் ஒரு இலையைத்தான் பறித்திருக்கிறேன்.

"ஒவ்வொண்ணும் ஒரு கலருங்க."

"அப்ப நாலாம் நெம்பருக்கும் ஒரு இலை இருக்குமுங்களே. பாருங்க."

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் ஆரவாரம் கேட்டது. மாடுகள் வந்து, வண்டியை இழுத்து மேலே ஏற்றிவிட்டன. ஸாஸா விடாமல் ஹாரன் அடித்தார். மாட்டுக்கு அடிக்காத ஹாரனை எனக்கு அடித்தார். டாக்டர் சிவகாமி என்னைக் கூட்டிப்போக ஓடிவந்தார்.

"ரகு சார் கத்தறாருங்க. வாங்க போலாம்."

"ரெண்டு நிமிசமுங்க டாக்டர். இந்தக் கிளைய வளச்சுப் புடிங்க."

என்ன ஏது என்று கேட்காமல் அவர் கிளையை வளைத்துப் பிடித்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நாலாவது துண்டை இலை இலையாக வைத்துப் பார்த்தேன். இது மஞ்சள் அதிகம். இது மங்கல். இது பரவாயில்லை, ஆனால் இல்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ரகு சாரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். திட்ட வந்தவர் என்ன நினைத்தாரோ, இன்னொரு கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகைச் சுவரை ஒட்டிய உள்கிளையில், என் இடுப்பு உயரத்தில் இருந்தது அது. துண்டை அதன் மேல் வைத்தேன். துணி எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். தலையைச் சாய்த்தும் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான்.

"இருக்குதுங்க" என்றேன். "இங்க இருக்குதுங்க."

"மேட்ச்சுங்களா?"

"டிட்டோங்க."

போனில் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி, வண்டிக்காரரு ஆரனடிக்கறாரு பாருங்க. போங்க" என்றார்.

அந்த இலையை நான் பறிக்கவில்லை. பறித்தால் ஊர் சேர்வதற்குள் அதுவும் காப்பித்தூளாகிவிடும். காய்ந்த இலைக்கு நிறம் பார்க்கிற தப்பை ஒரு ஆயுளில் ஒரு தடவை செய்தது போதும். பேனாவை எடுத்து, ரகு சாரின் முதுகில் அட்டையை வைத்து, காலிக் கட்டத்தில் கமெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானா ஒரு ஜாடி ஜாமைத் துணியில் சுற்றி என் பையில் திணித்துவிட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். இன்னும் மூன்று நாள் பயணம் மிச்சமிருந்தது. பனிமலை, ஏரி, மஞ்சள் காடு என்று எல்லாவற்றையும் பார்த்தேன். எப்போது வீட்டுக்குப் போவோம் என்றுதான் இருந்தது.

வந்து சேர்ந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, வடக்குப் பார்த்த எங்கள் சமையலறை ஜன்னலுக்கு அவரைக் கூட்டிவந்தேன். நாலாவது அட்டையைக் கையில் கொடுத்தேன். இடது கண்ணுக்கு மிகக் கிட்டே கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திரும்பினார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார்.

"எழுத்து தெரியலீங்க. என்ன எழுதியிருக்குது?"

வாசித்துக் காட்டினேன். "நாலாம் நெம்பர் ஓகே. இதைத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

"கையெழுத்து?"

"போட்டிருக்கனுங்க."

"தேதி?"

போடவில்லை. அவசரத்தில் மறந்திருந்தேன்.

"தேதி போடாத அப்ரூவல் செல்லாதுங்க மேடம். இத்தன வருசம் சர்வீசு, இதுகூடத் தெரியாதுங்களா?"

பேனாவை எடுத்தேன். "எந்தத் தேதிங்க போடட்டும்? நீங்க இதப் போட்டுக் குடுத்தீங்களே, அந்த நாளா? மரத்தப் பாத்த நாளா?"

அவர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டே இருந்தார். கீழே இறக்கவில்லை.

"இன்னைக்குத் தேதியே போடுங்க" என்றார். "எனக்கு இன்னைக்கு நல்லாத் தெரியுதுங்க."